செபத்தின் முதல் வரியிலேயே வழுக்குகிறவர்கள்

எங்கள் பாம்பன் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில், செபத்தை முன்நின்று நடத்த நாலு இளவட்டங்கள் வந்திருக்கிறார்கள். நடுவில் செல்போன் அடிப்பது, தூங்கி விழுவதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். நான் செய்து அவமானப்பட்டதையே இவர்களும் செய்யும்போதுதான் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சத்தம்

கச்சான் காற்றில் அடுத்த வத்தைப் படகுக்காரனைக் கூப்பிடுவதுபோல் கத்த வேண்டாம்.

முதல் வரியைத் தாண்டி ஓடுவது

இயேசு கற்றுத்தந்த செபத்தில் "உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக" என்று முணுமுணுத்துவிட்டு அன்றாட உணவுக்குத் தாவிவிடுகிறார்கள். அது வெறும் வாழ்த்து இல்லை. மத்தேயு நற்செய்தி 6-இல் வரும் ஏழு மன்றாட்டுகளில் முதலாவது. கடவுள் ஏற்கெனவே தூயவர், நாம் கேட்டு அவர் தூயவராக வேண்டியதில்லை. பிறகு எதைக் கேட்கிறோம்? பழைய ஏற்பாட்டில் எசேக்கியேல் 36-ஐப் பாருங்கள். வேற்றினத்தார் நடுவே தம் மக்கள் தீட்டுப்படுத்திய பெயரைத் தாமே தூயதாக்கப்போவதாக ஆண்டவர் சொல்கிறார். அந்தப் பெயரில் அழுக்கு ஒட்டுவது நம் கைப்பட்டுத்தான்.

இது எனக்கு உறைத்தது கோயிலில் இல்லை, இறால் எடை போடும் இடத்தில். ஐஸ் தண்ணீர் வடியாத கூடையைத் தராசில் ஏற்றிவிட்டு, "ஆண்டவர் மேல சத்தியமா வடிச்சாச்சு பாய்" என்றேன். வருஷக்கணக்காக எனக்கு முன்பணம் தந்துகொண்டிருந்த கீழக்கரை வியாபாரி அவர். கூடையைச் சாய்த்தார். மணலில் தண்ணீர் ஓடியது. "தம்பி, உங்க சாமி பேரையும் சேர்த்தா எடை போட்டீங்க?" அவ்வளவுதான் கேட்டார். முன்பணம் அத்தோடு நின்றது. அடுத்த வலையை வட்டிக்கு வாங்கினேன். அன்று சாயங்காலம் அன்பியத்தில் முதல் வரியைச் சொல்லத் தொடங்கினேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

போன வாரம்கூட ஒருவன், செபம் முடிந்து செருப்பு மாட்டும்போதே, "அந்தோணியார் மேல சத்தியமா நாளைக்குத் தந்துர்றேன்" என்று கடன்காரரிடம் சொல்கிறான். தரமாட்டான், எனக்குத் தெரியும். ஆணையிடவே வேண்டாம், ஆம் என்றால் ஆம் என்று சொன்னால் போதும் என்று மத்தேயு 5-இல் இயேசு சொன்னதை அன்றைக்கு வாசித்தவனே அவன்தான்!

பேரம்

நேர்ச்சை தப்பில்லை. மீன்பாட்டுக்கு மெழுகுவர்த்தி என்று விலை பேசுவதுதான் தப்பு. லூக்கா 5-இல் வலை கிழியுமளவு மீன் பட்டதும் பேதுரு இயேசுவின் காலில் விழுந்தார். "ஆண்டவரே, நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும்" என்றார். அவ்வளவு மீன் கிடந்திருந்தால் நான் விழுந்திருப்பேனா? ஏலக்காரனைத் தேடியிருப்பேன்.