பாட்டை அளந்துவிட்டு கேமராவைத் தொடுங்கள்: முதல் மியூசிக் வீடியோ எடுக்கும் மாணவர்களுக்கு

மீடியா வகுப்பில் மியூசிக் வீடியோ ப்ராஜெக்ட் கொடுத்தவுடன் எல்லாரும் செய்கிற முதல் வேலை, யாரிடம் நல்ல கேமரா இருக்கிறது என்று விசாரிப்பது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கையில் இருக்கிற போனே முதல் வீடியோவுக்குப் போதும். மாணவர் வீடியோக்கள் சொதப்புவது பெரும்பாலும் படத்தின் தரத்தால் இல்லை. உதடு ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போவதாலும், இரண்டாவது சரணம் வரும்போது காட்டுவதற்கு ஷாட்டே மிச்சமில்லாமல் போவதாலும்தான். பாட்டின் நேரக்கணக்கைப் பார்க்காமல் ஷூட்டிங் கிளம்பினால் இந்த இரண்டும் வந்தே தீரும். குறும்படத்தில் ஒரு காட்சியை எடிட்டிங்கில் நீட்டலாம், குறைக்கலாம். இங்கே பாட்டு மூன்றரை நிமிடம் என்றால் மூன்றரை நிமிடம்தான். அதனால் இந்தச் செய்முறையில் கேமரா வர கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பாட்டும் அனுமதியும்

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒருவருடையது, ஒலிப்பதிவு இன்னொருவருடையதாக இருக்கலாம். அதைப் படத்தோடு சேர்த்து வெளியிட இருவருடைய சம்மதமும் வேண்டும். ஹிட் பாட்டை எடுத்து வீடியோ செய்து யூடியூபில் ஏற்றினால், அங்கே இருக்கிற கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி ஏற்பாடு பாட்டைக் கண்டுபிடித்துவிடும். வீடியோவைத் தடுப்பதா, விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதா என்பது உரிமையாளர் விருப்பம்.

சுலபமான வழி, உங்களுக்குத் தெரிந்த யாராவது எழுதிப் பாடிப் பதிவு செய்த பாட்டு. நண்பராக இருந்தாலும் நாலு வரி எழுதி வாங்கிவிடுங்கள், மின்னஞ்சல் போதும். அடுத்த வழி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதித்து, கிடைக்கும் பாட்டு. இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. உரிமத்தின் பெயரில் 'என்டி' (ND) என்று இருந்தால் அந்தப் பாட்டை எடுக்கவே கூடாது. அதில் மாற்றம் செய்து வெளியிட அனுமதி இல்லை, பாட்டைப் படத்தோடு ஒத்திசைப்பதையே மாற்றம் என்றுதான் கிரியேட்டிவ் காமன்ஸ் கணக்கில் வைக்கிறது. 'பிஒய்' (BY) மட்டும் இருந்தால் படைத்தவர் பெயரைப் போட்டால் போதும். 'எஸ்ஏ' (SA) சேர்ந்திருந்தால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

நீளமும் முக்கியம். முதல் முயற்சிக்கு மூன்று நிமிடத்துக்குக் குறைவான பாட்டு கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாட்டை அளப்பது

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து ஓடவிடுங்கள். முன்னிசை முடியும் இடம், பல்லவி தொடங்கும் இடம், இடையிசை, சரணம், பாடகர் மூச்சு வாங்கும் நிறுத்தம், திடீரென்று டிரம்ஸ் விழும் இடம் என்று எது காதில் பட்டாலும் கன்ட்ரோலையும் எம் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்த நொடியில் ஒரு லேபிள் விழும், அதில் ஒரு பெயர் தட்டிவிடலாம். முடிந்ததும் லேபிள்களைத் தனிக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கூகுள் ஷீட்ஸில் ஒட்டினால் நொடிக்கணக்கும் பெயரும் தனித்தனிப் பத்திகளாக வந்து உட்காரும். இந்த ஷீட்தான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஷாட் லிஸ்ட்டும் இதில்தான், எடிட்டிங் குறிப்பும் இதில்தான்.

அப்புறம் பாட்டின் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்பதைக் கண்டுபிடியுங்கள். தாளத்துக்கு ஏற்ப விசையைத் தட்டினால் எண்ணைச் சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. பிபிஎம் 120 என்றால் ஒரு தாளத்துக்கு அரை நொடி, நாலு தாளம் கொண்ட ஒரு சுற்றுக்கு 2 நொடி. மூன்றரை நிமிடப் பாட்டில் அப்படி 105 சுற்றுகள். சுற்றுக்கு ஒரு கட், அதாவது ஒரு ஷாட் மாற்றம், வைத்தால் 105 ஷாட் வேண்டும், இரண்டு சுற்றுக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட 52. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் "ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம்" என்ற பேச்சு அடங்கும். மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) இல்லாமல் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்த பாட்டாக இருந்தால் வேகம் கொஞ்சம் கூடிக் குறையும், அப்போது இந்தக் கணக்கை விட்டுவிட்டு லேபிள்களை மட்டும் நம்புங்கள்.

படி 3: ஆய்வு

ஆய்வு என்றால் பிடித்த வீடியோக்களைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று எழுதுவது இல்லை. உங்கள் பாட்டின் வகையைச் சேர்ந்த வீடியோ ஒன்றை எடுத்து முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பிரித்து மேயுங்கள். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம், அதாவது வீடியோவின் ஒரு தனிப்படம், முன்னே போகும், காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே கொண்டுவரும். கட் எங்கே விழுகிறது, தாளத்தின் மேலா, வரி முடியும் இடத்திலா, எதிர்பாராத இடத்திலா என்று ஷீட்டில் ஏற்றுங்கள். குளோஸப்பா (முகம் மட்டும்) வைடா (இடம் முழுவதும்), கேமரா நகர்கிறதா நிற்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதே நிமிடத்தை ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். படம் தனியாக என்ன கதை சொல்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இதைச் செய்யும்போது வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். படம் வரியை அப்படியே காட்டலாம், வரி சொல்லாததைச் சேர்த்துச் சொல்லலாம், இல்லை வரிக்கு நேர் எதிராக நிற்கலாம். புதிதாகச் செய்கிறவர்கள் முதல் வகையில்தான் போய் விழுவார்கள்: வரியில் மழை வந்தால் மழை, கண்ணீர் வந்தால் கண்ணீர், கதவு வந்தால் கதவு. இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும்.

பார்வையாளர் கருத்துக்கு கூகுள் ஃபார்ம்ஸ் போதும். ஆனால் "உங்களுக்கு மியூசிக் வீடியோ பிடிக்குமா" வகைக் கேள்விகளால் எந்தப் பயனும் இல்லை. படிவத்தில் பாட்டுக்கான இணைப்பைக் கொடுங்கள், கேட்டு முடித்ததும் மனதில் என்ன இடம் வந்தது, யார் வந்தார்கள், என்ன நிறம் வந்தது என்று கேளுங்கள். பாதிப் பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அந்த இடத்தைத் தவிர்ப்பதா பயன்படுத்துவதா என்று நீங்கள் முடிவு செய்யலாம். (நானாக இருந்தால் தவிர்ப்பேன்.)

படி 4: ஸ்டோரிபோர்டை ஓடவிட்டுப் பாருங்கள்

ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு சின்னப் படமாக வரைந்து வைப்பதுதான் ஸ்டோரிபோர்டு. குச்சி மனிதர்கள் போதும், ஓவியம் தெரிய வேண்டாம். வரையவே வராது என்றால் நண்பரை நிற்கவைத்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் போனில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது அடுத்த வேலை: இந்தப் படங்களை எடிட்டிங் மென்பொருளில் பாட்டின் மேல், ஷீட்டில் உள்ள நேரப்படி அடுக்கி ஓடவிடுவது. இதை அனிமேட்டிக் என்பார்கள். எந்த இடத்தில் ஷாட் பற்றவில்லை, எங்கே ஒரே படம் பத்து நொடி நின்று உயிரை எடுக்கிறது என்பது செலவே இல்லாமல் தெரிந்துவிடும். ஷூட்டிங்குக்கு முன் இதை நாலு பேருக்குப் போட்டுக் காட்டினால், அவர்களுக்கு எந்த இடத்தில் கதை புரியவில்லை என்பதையும் அங்கேயே சரிசெய்துவிடலாம். நேரம் இல்லை என்று பலரும் வெட்டிவிடும் படி இது. என்னைக் கேட்டால் வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

படி 5: இடமும் ஆட்களும்

வெளிப்புறம் என்றால் எந்த நேரத்தில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்று காட்டும் சூரியப் பாதை செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, எடுக்கப்போகும் அதே நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நல்ல செய்தி ஒன்று உண்டு. அங்கே ஓரளவு சத்தம் இருந்தாலும் கவலையில்லை, வீடியோவில் அசல் பாட்டு மட்டும்தான் கேட்கும், அந்தச் சத்தம் வரப்போவதில்லை. இடத்துக்கு உரியவரிடம் அனுமதி, நடிக்கிறவர்களிடம் எழுத்தில் சம்மதம், 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் கையெழுத்து.

படி 6: ஷூட்டிங்குக்கான பாட்டுக் கோப்பு

லிப் சிங்க், அதாவது உதடு பாட்டோடு பொருந்துவது, ஒழுங்காக வருவதும் வராததும் இங்கேதான் முடிவாகிறது. எடிட்டிங்கில் பயன்படுத்தப்போகும் அதே கோப்பிலிருந்துதான் ஷூட்டிங் பிரதியையும் உருவாக்க வேண்டும். ஒருவர் யூடியூபிலிருந்து ஓடவிட்டு, இன்னொருவர் வேறு பிரதியை வைத்து எடிட் செய்தால் நீளமே வித்தியாசமாக இருக்கலாம். ஆடாசிட்டியில் பாட்டின் முன்னால் ஒரு நொடி இடைவெளியில் மூன்று பீப் ஒலி சேருங்கள், பாடுகிறவருக்கு எப்போது தொடங்குவது என்று தெரிய. முழுப் பாட்டு ஒரு கோப்பு, பல்லவி தனி, ஒவ்வொரு சரணமும் தனி, எல்லாவற்றுக்கும் முன்னால் பீப். எம்பி3 கோப்பாக மாற்றும்போது தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு இடைவெளி சேர்ந்துவிடும், அதனால் வேவ் வடிவத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

உதடு சரியாக அசைய, சுற்றியுள்ளவர்கள் மட்டும் ஸ்லோ மோஷனில் மிதக்கிற ஷாட் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆடாசிட்டியில் டெம்போவை 100 சதவீதம் கூட்டி இரண்டு மடங்கு வேகப் பிரதி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், அதற்கு ஏற்ப வேகமாகப் பாடவைத்து நொடிக்கு 50 ஃபிரேமில் எடுங்கள், எடிட்டிங்கில் நொடிக்கு 25 ஃபிரேம் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) வைத்து வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். உதடு பாட்டோடு பொருந்தும், தலைமுடியும் துணியும் காற்றில் மெதுவாக அலையும். வரிகள் வேகமான பாட்டு என்றால் பாடுகிறவர் திணறிப்போவார், ஒரு வாரம் முன்பே பயிற்சிக்கு அந்தப் பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.

படி 7: ஷூட்டிங்

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். லென்ஸைத் துடையுங்கள். ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 25 அல்லது 30 என்று ஒன்றில் நிறுத்தி, ஸ்லோ மோஷன் ஷாட் தவிர எல்லாவற்றுக்கும் எல்லாப் போன்களிலும் அதையே வையுங்கள். திரையில் முகத்தின் மேல் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் படம் வெளுத்துக் கறுக்கும். விளக்கு மினுக்கினால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) நொடியில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வைத்துப் பாருங்கள்.

பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட வேண்டும், ஆனால் படம் எடுக்கிற போனிலிருந்து இல்லை. பல போன்கள் ரெக்கார்டிங் தொடங்கியதும் பாட்டை நிறுத்திவிடும். கேமராவின் மைக்கில் பாட்டு தெளிவாகப் பதிவாக வேண்டும், எடிட்டிங்கில் ஒத்திசைக்க அந்த ஒலிதான் பிடிமானம். பாடுகிறவர் வாயை மட்டும் அசைக்காமல் குரல் கொடுத்தே பாடட்டும். கழுத்து நரம்பும் மூச்சும் பொய் சொல்லாது.

முதலில் முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை வைடில் ஒரு டேக், மிட் ஷாட்டில் ஒன்று, குளோஸப்பில் ஒன்று. நிறுத்தாதீர்கள், வரி தப்பினாலும் தொடரட்டும். இந்த மூன்றும் கையில் இருந்தால் வேறு எல்லாம் சொதப்பினாலும் ஒரு வீடியோ இருக்கிறது. அப்புறம் ஷீட்டைப் பார்த்துக் கதைப் பகுதிகளையும், கை, பாதம், இசைக்கருவி, இடம் என்று சின்னச் சின்ன ஷாட்களையும் எடுங்கள். நினைத்ததை விட இரண்டு மடங்கு எடுத்தாலும் தப்பில்லை. அன்றிரவே ஃபுட்டேஜை இரண்டு இடங்களில் பிரதி எடுத்த பிறகுதான் போனில் அழிக்கலாம்.

படி 8: எடிட்டிங்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ், ஷாட்கட், எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பழசு என்றால் ரிசால்வ் மூச்சு வாங்கும், ஷாட்கட் பரவாயில்லை. ப்ராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட்டை முதல் வேலையாக அமையுங்கள், ரிசால்வில் கிளிப்புகளை உள்ளே கொண்டுவந்த பிறகு மாற்ற முடியாது.

அசல் பாட்டை ஆடியோ டிராக்கில் வைத்துப் பூட்டிவிடுங்கள். முழு டேக்குகளைப் பாட்டோடு ஒத்திசைக்க ரிசால்வும் கேடென்லைவும் ஒலி அலையை ஒப்பிட்டுத் தாங்களே செய்துவிடும். ஷாட்கட்டில் ஒலி அலையில் பீப் முள் போல எழும் இடத்தைப் பார்த்துக் கையால் நகர்த்தலாம். பொருந்தியதும் கிளிப்பின் ஒலியை அணையுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக உதடு விலகுகிறதா? போன்கள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் பதிவு செய்வதால் வரும் கோளாறு அது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகி இருந்தால் அது வேறு கதை. கேமரா ஸ்பீக்கரை விட்டு வெகுதூரத்தில் இருந்திருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 14 மீட்டருக்கு ஒரு ஃபிரேம் தாமதம். கிளிப்பை ஒன்றிரண்டு ஃபிரேம் நகர்த்தினால் சரியாகிவிடும்.

வெட்டும்போது எல்லாக் கட்டையும் தாளத்தின் மேலேயே வைக்காதீர்கள், மெட்ரோனோம் பார்ப்பது போல ஆகிவிடும். முதல் சரணத்தில் நீளமான ஷாட்களை விடுங்கள், வேகமான கட்களைக் கடைசிப் பல்லவிக்குச் சேமித்து வையுங்கள். ஒரு கட் தாளத்துக்குத் தாமதமாக விழுவது போலத் தோன்றினால் ஒரு ஃபிரேம் முன்னால் இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். நிறம் சரிசெய்வது கடைசி வேலை: முதலில் எல்லா ஷாட்டிலும் முகத்தின் நிறம் ஒத்துப்போகட்டும், அதன் பிறகு அலங்காரம்.

மதிப்பெண்ணுக்கான ப்ராஜெக்ட் என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் டைம்லைனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கடைசி நாளில் நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் எதுவும் வராது.

படி 9: எக்ஸ்போர்ட்

கோப்பு வடிவம் எம்பி4, சுருக்கும் முறை எச்.264, படத்தின் அளவு 1080பி. நொடிக்கு 24 முதல் 30 ஃபிரேம் வரை உள்ள 1080பி வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு) 8 எம்பிபிஎஸ். இடம் இருந்தால் கூடுதலாக 12 வரை வைக்கலாம். ஒலி ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ். எக்ஸ்போர்ட் ஆன கோப்பை எடிட் செய்த கம்ப்யூட்டரில் பார்க்காமல் வேறொரு போனில் முழுசாக ஓடவிட்டு, முதல் குளோஸப்பிலும் கடைசிக் குளோஸப்பிலும் உதட்டைப் பாருங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டாம், அதன் தாமதத்தை உங்கள் தவறு என்று நினைத்து நல்ல எடிட்டைக் கெடுத்துவிடுவீர்கள். ஏற்றும்போது விளக்கப் பகுதியில் பாட்டின் பெயர், கலைஞர் பெயர், உரிமத்தின் பெயர், அதற்கான இணைப்பு, நடித்தவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயர்கள்.