பலகாரத் தொழிலுக்கு ஒரு பக்க விற்பனைத் திட்டம்: ஆர்டர் நோட்டிலிருந்து தொடங்குங்கள்

காரைக்குடியில் நானும் அக்காவும் வீட்டிலேயே மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் செய்து விற்கிறோம். முதல் தீபாவளிக்கு 2,000 நோட்டீஸ் அச்சடித்துப் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் கொடுத்தோம். செலவு 2,800 ரூபாய். வந்தவை இரண்டே ஆர்டர்கள். அதன் பிறகு உட்கார்ந்து எழுதியதுதான் இந்தத் திட்டம். ஒரே பக்கம், இன்றும் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, பொட்டலத்தில் அந்த 14 இலக்க எண், கிலோவுக்கு அடக்கவிலை ஆகியவற்றை முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு ஆர்டருக்கு மூன்று பெயர்

பழைய ஆர்டர் நோட்டை எடுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கு எதிரேயும் மூன்று பெயர்களை எழுதுங்கள்: நம்மிடம் வாங்கச் சொன்னவர் யார், பணம் கொடுத்தவர் யார், சாப்பிட்டவர் யார்?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மூவரும் ஒருவரே என்று நினைத்திருந்தேன். எங்கள் நோட்டில் 41 ஆர்டர்கள் இருந்தன. அவற்றில் 26க்குப் பணம் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்திருந்தது. பலகாரம் போனது தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளுக்கு: கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோரை வணங்கப் பங்காளிகள் கூடும் படைப்பு. ஆனால் “இவர்களிடம் வாங்கு” என்று சொல்லியிருந்தவர், ஊரிலேயே இருக்கும் வயதான ஓர் ஆச்சி, அல்லது அந்த வீட்டுக்குச் சமைக்க வருகிறவர். பேருந்து நிலையத்தில் நோட்டீஸ் வாங்கிய கைகளில் இந்த மூவருடைய கையும் இல்லை.

சொல்லிவிடுகிறவர்களை மட்டும் தனியே எழுதியபோது 17 பெயர்கள் கிடைத்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் கால் கிலோ சீப்புச் சீடையுடன் நேரில் போனோம். “ஆச்சி, சாப்பிட்டுப் பார்த்துக் குறை இருந்தால் சொல்லுங்கள்” என்றுதான் அக்கா கேட்டார்; ஆர்டர் கேட்கவில்லை. தேங்காய்ப்பால் போதவில்லை என்று ஓர் ஆச்சி சொன்னார். சரியாகத்தான் சொன்னார், திருத்தினோம். அடுத்த மாதம் அவர் வாய்வார்த்தையில் மூன்று கல்யாண ஆர்டர்கள் வந்தன. புதிதாகத் தொடங்குகிறீர்கள், நோட்டே இல்லை என்றால், தெரிந்த பத்து வீடுகளில் “போன விசேஷத்துக்குப் பலகாரம் எங்கே சொன்னீர்கள், யார் சொல்லிச் சொன்னீர்கள்?” என்று கேட்டு எழுதுங்கள்.

படி 2: எது எவ்வளவு தூரம் போகும்

வெள்ளைப் பணியாரம் சுட்ட சூட்டில் சாப்பிட வேண்டியது. அதை உள்ளூருக்கு மட்டும் வையுங்கள். மணகோலமும் சீடையும் பயணத்தைத் தாங்கும். கூரியரில் தேன்குழல் நொறுங்கும், அதனால் நாங்கள் அனுப்புவதில்லை.

படி 3: நாட்காட்டி

பண்டிகைத் தேதியை எழுதாதீர்கள். வாடிக்கையாளர் முடிவெடுக்கும் தேதியை எழுதுங்கள். தீபாவளிப் பலகாரத்தை எங்கே சொல்வது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் மூன்று வாரம் முன்பே முடிவாகிவிடுகிறது. கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் வருகிற பிள்ளையார் நோன்புக்கு, தீபத்தன்றே செய்தி போய்விட வேண்டும். ஊருக்கு வந்தவர்கள் விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை திரும்புவார்கள். அவர்களுக்கான டப்பா முந்தின நாள் மாலையே வீட்டு வாசலில் இருக்க வேண்டும். இதையும் நாட்காட்டியில் எழுதினோம், ஏனென்றால் அந்த டப்பா சென்னையில் நான்கு வீடுகளில் திறக்கப்படுகிறது.

படி 4: எவ்வளவு செலவழிக்கலாம்

ஒரு கிலோவில் செலவு போக 120 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 300 ரூபாய் செலவானால், அவர் மூன்றாவது கிலோ வாங்கும்போதுதான் உங்களுக்கு லாபம். ஒரே ஒரு கிலோவோடு நின்றுவிடக்கூடியவருக்காக அவ்வளவு செலவழிக்காதீர்கள். எங்கள் நோட்டீஸ் கணக்கில் ஒரு ஆர்டருக்கு 1,400 ரூபாய் விழுந்தது. சீடை கொடுத்துப் பார்த்தது அதில் ஒரு சிறு பங்குதான்.

படி 5: கருவிகள்

வாட்ஸ்அப் பிசினஸ் போதும். இலவசம், பொருள் பட்டியலைப் படத்துடன் வைக்கலாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும் இலவசம். பிள்ளையார்பட்டிக்கும் ஆத்தங்குடிக்கும் வருகிற வெளியூர்க்காரர்கள் அதில்தான் தேடுகிறார்கள். இன்ஸ்டாகிராமை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீடியோ எடுக்கிற நேரத்தில் இரண்டு ஆச்சிகளைப் பார்த்துவிட்டு வரலாம். கணக்குக்கு நீள நோட்டுதான். மாவுக் கையோடு கணினியைத் தொட முடியாது. யார் தொலைபேசியில் அழைத்தாலும் “யார் சொல்லி அழைக்கிறீர்கள்?” என்று கேட்டு, அதை ஒரு தனிப் பத்தியில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பத்தியை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் செய்தி அனுப்பியும் பாதிப் பேருக்குப் போகவில்லை என்று எழுதினார்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். நீங்கள் அவர்கள் எண்ணைச் சேமித்தால் போதாது. ஒரு பட்டியலில் 256 பேர்தான் என்ற வரம்பும் உண்டு. டப்பாவின் மூடியில் எங்கள் எண்ணுக்குக் கீழே “இதைச் சேமித்து ‘பலகாரம்’ என்று ஒரு செய்தி அனுப்புங்கள், நோன்புக்கு முன் நினைவூட்டுகிறோம்” என்று அச்சடித்தோம். அந்தச் செய்தி வந்த பிறகே பட்டியலில் சேர்க்கிறோம். போன் வைத்துக்கொள்ளாத ஆச்சிகளுக்கு அக்கா இன்றும் நேரில்தான் போகிறார்.