பாராதைராய்டு அறுவைக்குப் பிறகும் உடல் தேறவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும் தனித்தனியே ஓர் அரிசி மணி அளவுதான். அவற்றில் ஒன்று கட்டியாக வளர்ந்து, பி.டி.எச். ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து, எலும்பிலுள்ள கால்சியத்தை இரத்தத்தில் கலக்கவிடும்போது அதை அறுவை செய்து அகற்றுகிறார்கள். பெரும்பாலோர் குணமடைந்துவிடுகிறார்கள். குணமடையாதவர்களின் அவதி நீள்வதற்கு, அவர்களும் குடும்பத்தாரும் அறியாமல் செய்யும் சில தவறுகளும் காரணமாகின்றன.

முதல் தவறை எங்கள் வீட்டிலேயே செய்தோம். அறுவை முடிந்த நான்காம் நாள் காலை, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று அம்மா சொன்னார். பலவீனம்தான் என்று எண்ணிக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தோம். மாலையில் காபி டம்ளரை எடுக்கப்போன கை அப்படியே குவிந்து, விரல்கள் விறைத்து நின்றுவிட்டன. மருத்துவமனையில் பார்த்தபோது கால்சியம் 7.1 மில்லிகிராமுக்கு இறங்கியிருந்தது. பல காலம் கால்சியத்தை இழந்த எலும்பு, அறுவைக்குப் பின் அதை இரத்தத்திலிருந்து வாரி இழுத்துக்கொள்வதால் இது நேர்கிறது. வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு வாரக்கணக்கில்கூட நீடிக்கலாம். வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போனால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கை கால் இழுத்தால் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

அடுத்த தவறு, அறிக்கையில் 'நார்மல்' என்று இருப்பதைக் கண்டதும் கோப்பை மூடிவிடுவது. கால்சியத்தை, இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்: அல்புமின் 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறையும்போதும் கால்சியத்தோடு 0.8 மில்லிகிராம் கூட்டிக் கணக்கிடுவது வழக்கம். கால்சியம் சரியாக இருந்து பி.டி.எச். மட்டும் உயர்ந்திருந்தால் அறுவை தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை. வைட்டமின் டி குறைவோ, உணவில் கால்சியப் பற்றாக்குறையோ, சிறுநீரகக் குறைபாடோ காரணமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால்தான் நோய் மிச்சமிருக்கிறதா என்ற கேள்வி எழும். அறுவைக்குப் பின் ஆறு மாதம் கால்சியம் சீராக நின்றால்தான் குணமாகிவிட்டது என்பார்கள். ஆகவே, ஆறாம் மாதப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

மாத்திரை விஷயத்திலும் தவறுகள் நேர்கின்றன. கால்சியம் கார்பனேட்டை உணவோடு சேர்த்து உட்கொள்ள வேண்டும். தைராய்டு குறைவுக்குச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யை நாள்தோறும் எடுத்துக்கொண்டால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். முடி வளர்ச்சிக்காகச் சாப்பிடும் பயோட்டின் பி.டி.எச். முடிவையே மாற்றிக் காட்டக்கூடும் என்பதால், இரத்தம் கொடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாச் சோர்வையும் இந்தச் சுரப்பியின் மேல் போடுவதும் சரியல்ல. இரத்தசோகை, தைராய்டு, பி12 ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அதற்காக, "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பும் மருத்துவரிடமே திரும்பத் திரும்பப் போய் நிற்பதும் வேண்டாம். அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் தலைவருக்கு 1926 முதல் 1932 வரை ஏழு முறை அறுவை நடந்தது. கழுத்தில் அகப்படாத கட்டி ஏழாம் முறை மார்புக்குள் கிடைத்தது. சுரப்பி இடம் மாறியும் இருக்கலாம் என்பதால், மறு அறுவை என்று வந்தால் ஸ்கேனில் இடத்தை உறுதிசெய்த பிறகு, இதில் நிறைய அனுபவம் உள்ளவரிடமே செய்துகொள்ள வேண்டும். குரல் நரம்புக்கு முதல் முறையைவிட அப்போது ஆபத்து அதிகம்.

அக்கறையோடு கவனிக்கும் மருத்துவரை அவர் கேட்கும் கேள்விகளில் கண்டுகொள்ளலாம்: அறுவைக்கு முந்தைய அளவுகள் என்ன, எத்தனை சுரப்பிகளைப் பார்த்தார்கள், திசுப் பரிசோதனை என்ன சொன்னது? இவற்றுக்கு விடைதரும் அறுவைக் குறிப்பைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் வேறு மருத்துவரைத் தேடிப் போவது வீண் அலைச்சல். அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, அளவு, மாத்திரை, கால் இழுத்த நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் அதைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, "மெக்னீசியம் பார்த்தீர்களா அம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வந்த வயிற்று எரிச்சல் மாத்திரை அதைக் குறைத்திருந்தது. மாத்திரையை மாற்றி மெக்னீசியமும் கொடுத்தபின், இரவில் கால் இழுப்பது மூன்று வாரத்தில் நின்றது.