கச்செமாக் வளைகுடாவில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

"ஹோமருக்குப் போகிறேன், எந்த லென்ஸ் கொண்டுபோகட்டும்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். "ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், பார்த்தாச்சா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஹோமர் என்ற ஊர் இருக்கும் அலாஸ்காவின் கச்செமாக் வளைகுடாவில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் எட்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். காலையில் நடந்துபோன கரை மதியம் கடலுக்கு அடியில் இருக்கும். எந்தப் பறவை எங்கே நிற்கும், எந்தப் பாறை எப்போது வெளியே வரும், நீங்கள் எப்போது ஓட வேண்டும், எல்லாமே அந்த அட்டவணையில் இருக்கிறது. அதில் உயரம் அடிக்கணக்கில் போட்டிருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிற நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் டைட் என்பார்கள்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டு தினமும் போகாதீர்கள். நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம் தள்ளிக்கொண்டே போகும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஹோமரின் பிஷப்ஸ் பீச்சில். பையை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, பாறைக் குழியில் இருந்த கடல் சாமந்தி (பூ மாதிரி தெரியும் கடல் பிராணி) ஒன்றின் முன்னால் மண்டியிட்டேன். பச்சைத் தண்டு, ரோஜா நிற விரல்கள், நடுவில் ஒரு நண்டின் கால் பாதி உள்ளே போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பைக்கும் எனக்கும் நடுவே தொடையளவு தண்ணீர். பை கிடைத்தது. அடிப்பகுதியில் இருந்த மேக்ரோ லென்ஸ் அதற்குப் பிறகு ஃபோகஸ் ஆகவே இல்லை. கணக்கு சுலபம்தான்: ஆறு மணி நேர ஏற்றத்தில் பாதித் தண்ணீர் நடு இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். எட்டு மீட்டர் நாளில் அது நிமிஷத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல். அது உயரத்தில் மட்டும்தான்; சரிவு குறைந்த மணலில் எவ்வளவு தூரம் ஓடிவரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால் வற்றம் முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே இறங்கி, நீரோடு கூடவே கீழே போங்கள். அது திரும்பும்போது நீங்களும் திரும்புங்கள். பை முதுகை விட்டு இறங்கவே கூடாது.

பாறைக் குழிகளுக்கு போலரைசர் (லென்ஸ் முன்னால் மாட்டும் வடிகட்டிக் கண்ணாடி) கட்டாயம். வானத்தின் பிரதிபலிப்பு போனால்தான் உள்ளே இருப்பது தெரியும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரட்டிப்பு), போகட்டும். மேகமூட்டமான நாள்தான் நல்லது. வெயில் வந்தால் உங்கள் உடம்பு நிழலையே குழிமேல் போட்டுக்கொள்ளுங்கள். எதையும் பிய்த்தெடுத்து நல்ல இடத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டாம். கல்லைப் புரட்டினால் அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள், அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் செத்துப்போகும். இருபதுக்கும் மேல் கைகள் உள்ள சூரியகாந்தி நட்சத்திர மீன் கண்ணில் பட்டால் படத்தோடு தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். 2013-ல் பசிபிக் கரையில் தொடங்கிய நோய் அந்த இனத்தைப் பெருமளவு அழித்துவிட்டது.

மைனஸ் டைட் தவறிப்போனால் ஹோமர் ஸ்பிட்டில், அதாவது கடலுக்குள் நீண்டுகிடக்கும் நிலத்திட்டில், இருக்கும் சிறு படகுத் துறைக்குப் போங்கள். அங்கே படகு கட்டும் மேடைகள் மிதப்பவை. கடலோடு ஏறி இறங்குவதால் அவற்றின் விளிம்பில் வளரும் வெள்ளைச் சாமந்திகள் எந்நேரமும் நீருக்குள் விரிந்தே இருக்கும். மேடையில் குப்புறப் படுத்து, நீர் புகாத சின்னக் கேமராவைக் கையோடு அமிழ்த்தினால் போதும். ஒரு எச்சரிக்கை: வற்ற நேரத்தில் மேடைக்கு இறங்கும் சாய்வுப் பாலம் கிட்டத்தட்ட ஏணி மாதிரி நிற்கும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.

கடல் நீர்நாயும் அங்கேயே வரும். படகு வாடகைக்கு எடுத்துத் துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் இருப்பது மாதிரி அதற்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு கிடையாது. குளிரைத் தாங்குவது முடிதான், அடர்ந்த இடத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குப் பத்து லட்சம் முடி வரை. உடம்புச் சூட்டுக்காகத் தினமும் தன் எடையில் கால்வாசி தின்றாக வேண்டும். நாம் விரட்டினால் அந்தக் கணக்கு கெடும். மல்லாந்து மிதந்தது தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். மேடையில் படுத்திருந்தால் அதுவே வரும். ஒருமுறை சிப்பியை வயிற்றில் வைத்து உடைக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது, டொக் டொக் என்று. அப்புறம்தான் மீசை தெரிந்தது. பளபளக்கும் நீரில் ஈரமான கருமுடி வெறும் நிழலாகிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், கண்ணில் ஒளிப்பொட்டு விழும் வரை காத்திருங்கள்.

மே மாதத் தொடக்கத்தில் போனால் உள்ளான்கள் என்ற சின்னக் கரைப்பறவைகள். ஆயிரக்கணக்கில் வடக்கே போகும் வழியில் ஸ்பிட் தொடங்கும் இடத்தில் உள்ள மட் பே என்ற சேற்றுக் கரையில் இறங்கி மேயும். இங்கே கணக்கு தலைகீழ்: ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையோரம் படுத்துக்கொள்ளுங்கள். நீர் ஏற ஏறச் சேறு குறையும், பறவைகள் மேய்ந்துகொண்டே உங்கள் பக்கம் தள்ளப்படும். நான் 400 எம்எம் லென்ஸ் வைத்திருந்தேன். கடைசியில் ஒன்று ஃபோகஸ் ஆகாத அளவு பக்கத்தில் வந்து நின்றது. எழுந்திருக்காதீர்கள், கூட்டமே போய்விடும். வற்ற நேரத்தில் அந்தச் சேற்றுக்குள் நடந்து போகவும் வேண்டாம், கால் மாட்டினால் எடுப்பது கஷ்டம்.

கல் ஐலண்டு (Gull Island) என்ற பறவைத் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். கிட்டிவேக், மர் என்ற கடற்பறவைகள் பாறை முழுக்க இருக்கும், பஃபின் என்ற கடற்பறவையும் உண்டு. நாற்றம் முதலில் வரும். முக்காலி வேண்டாம், இன்ஜின் அதிர்வு அதன் வழியே ஏறும். அதே காரணத்துக்காக முழங்கையைக் கம்பியில் ஊன்றாதீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பை ஸ்பிரிங் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் 1/2000 வினாடி, பஃபினுக்கு 1/3200. கரும்பாறை முன்னால் வெள்ளைப் பறவை என்றால் ஒரு ஸ்டாப் குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வெண்தலைக் கழுகின் தலைக்கும் இதேதான். வழியில் கூன்முதுகுத் திமிங்கிலம் தெரிந்தால் 100 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது. அலாஸ்காவில் அது சட்டம்.

ஜூனில் இரவு பதினொரு மணி தாண்டித்தான் சூரியன் மறையும். நான் மதியம் முழுக்கத் தூங்கிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்புவேன். திரும்பி வந்ததும், எவ்வளவு தூக்கம் வந்தாலும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவை ஒருமுறை துடைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் என்றால், அறைச் சூட்டில் லென்ஸ் வியர்க்காமல் இருக்க, கேமராவை வெளியிலேயே பையில் போட்டு மூடி, அப்படியே அறைக்குள் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் திறக்காமல் வைத்திருங்கள். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே எடுத்துவிடுங்கள், அதைப் பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது.