மால்டா: ஹைப்போஜியம் வாசலோடு திரும்பாதீர்கள்

வெயில் தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் யாரும் சொல்லாமலே எடுத்துக்கொள்வீர்கள். பணத்தையும் நாளையும் தின்னும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

டிக்கெட் இல்லாமல் ஹைப்போஜியம்

தலைநகர் வலெட்டாவிலிருந்து பஸ் பிடித்து பாவ்லாவில் இறங்கி, வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவுக்குள் நடந்தால் ஒரு சாதாரணக் கதவு. அதன் அடியில்தான் ஹல் சஃப்லியெனி ஹைப்போஜியம்: சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த மூன்று அடுக்கு நிலத்தடி இடுகாடு, வயது ஐயாயிரம் ஆண்டுக்கு மேல். வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி தோண்டியவர்கள் 1902இல் அதன் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். 1980 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

அந்தக் கதவு வரை வந்து, "இன்னைக்கு இடம் இல்லை" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு. பாதிப் பேர் கையில், தொல்லிடங்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான ஹெரிடேஜ் மால்டாவின் பல இடங்களுக்கான பாஸ் இருக்கும். எரிச்சலே அங்கேதான். அந்த பாஸில் ஹைப்போஜியம் சேராது. வாங்கும்போதே வாசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு நாளைக்கு 80 பேர்தான் உள்ளே போகலாம், சுற்றுக்குப் பத்துப் பேர். இது வீம்பு இல்லை. மனித மூச்சின் கரியமில வாயுவும் ஈரமும் சுவரின் செங்காவி ஓவியங்களை அரிக்கின்றன. இதற்காகவே 1990களில் பல ஆண்டுகள் மூடி வைத்து, காற்றைக் கட்டுப்படுத்தும் கருவிகளைப் பொருத்திய பிறகுதான் திறந்தார்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். பயணத் தேதி உத்தேசமானதும் முதலில் ஹெரிடேஜ் மால்டா தளத்தில் ஹைப்போஜியம் இடத்தைப் பிடியுங்கள். கோடையென்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே. விமான டிக்கெட் அதற்குப் பிறகு. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் விசா வரட்டும் என்று காத்திருந்துதான் கோட்டை விடுகிறார்கள். மால்டாவுக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், சீக்கிரம் போட்டுவிடுங்கள். விசா கிடைக்காமல் போனாலும் நஷ்டம் ஒரு நுழைவுக் கட்டணம்தான்.

குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பே போய்விடுங்கள். சுற்று தொடங்கிய பிறகு கதவு திறக்காது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. படம் எடுக்கவும் கூடாது.

இடம் கிடைக்கவில்லையா? வலெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையில் மறுநாளுக்கான சில டிக்கெட்டுகளை நேரில் விற்பதுண்டு. விலை கூடுதல், காலையிலேயே நிற்க வேண்டும். அதுவும் தவறினால் பாவ்லாவிலிருந்து நடை தூரத்தில் டார்ஷியன் கோவில்கள். பாஸ் அங்கே செல்லும். ஹைப்போஜியத்தில் கிடைத்த 'உறங்கும் பெண்' சிலை வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். பெரிய சிலையைத் தேடிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஹீல்ஸ் போட்டுக்கொண்டு செயின்ட் ஜான் தேவாலயம்

வலெட்டாவில் இருக்கும் இந்தத் தேவாலயத்தில் தரை முழுக்க, மால்டாவை ஆண்ட செயின்ட் ஜான் சபை வீரர்களின் பளிங்குக் கல்லறைகள். ஊசிக் குதிகால் கல்லைக் குத்திப் பெயர்க்கும் என்பதால் விட மாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். ஞாயிறு வழிபாட்டு நாள், சுற்றிப் பார்க்க முடியாது. உள்ளே இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த 'திருமுழுக்கு யோவானின் சிரச்சேதம்' ஓவியம் இருக்கிறது. கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். கிட்டே நின்று, கீழ்ப்பக்கம் பாருங்கள்.

கோசோ படகுக்கு டிக்கெட் தேடுவது

பக்கத்துத் தீவான கோசோவுக்கு, மால்டாவின் வடக்கு முனையில் இருக்கும் சிர்கெவ்வாவிலிருந்து கார் ஏற்றும் படகில் போகும்போது காசு வாங்க மாட்டார்கள். திரும்பும்போதுதான்.

பஸ்ஸுக்குச் சும்மா நிற்பது

கை காட்டுங்கள். இல்லாவிட்டால் போய்விடும்.

ஊர்ப்பெயரை ஆங்கிலம் போல வாசிப்பது

மால்டீஸ் அரபுக் குடும்பத்து மொழி, எழுத்து மட்டும் லத்தீன். எக்ஸ் வந்தால் 'ஷ'. Marsaxlokk என்ற ஊரை மர்சஷ்லொக் என்று சொன்னால்தான் மீன் சந்தைக்கு வழி காட்டுவார்கள்.

பஸ்டிட்ஸி சைவம் என்று நம்புவது

மால்டாவின் தெருக்கடைப் பண்டம், அடுக்கு மாவில் சுட்டது. உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ பட்டாணியோதான். ஆனால் பழைய முறையில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டுக் கடியுங்கள்.

நீல ஜன்னலைத் தேடுவது

கோசோவின் ட்வெய்ரா கரையில் ஜன்னல் போல நின்ற பாறை வளைவு அது. 2017 மார்ச் 8 அன்று கடலில் விழுந்துவிட்டது. பழைய படங்களை நம்பி இன்னமும் அதற்காகவே கோசோ போகிறார்கள். ட்வெய்ராவுக்குப் போங்கள், ஆனால் 'உள்கடல்' என்னும் கடல்நீர்க் குளத்தில் படகேறி, பாறைக் குகை வழியாக வெளிக்கடலுக்குப் போய் வருவதற்காக. அலை அதிகமான நாளில் படகு விட மாட்டார்கள்.