வீட்டிலேயே எச்.ஐ.வி. சோதனை: என்னைப் படுத்தியது விரல்தான்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு பகல் போய்விடும். பஸ் ஏறினாலே “எங்கடே கிளம்பிட்ட?” என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் எச்.ஐ.வி. சுயபரிசோதனைக் கிட் ஒன்றை வரவழைத்தேன்.

முதலில் நாள் கணக்கு. உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையென்றால் கிட்டை விடுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரியில் போய்த் தொற்றைத் தடுக்கும் ‘பெப்’ மாத்திரை கேளுங்கள். விரல் ரத்தக் கிட் 90 நாள் கழித்து நெகட்டிவ் காட்டினால்தான் நம்பலாம். நான் மூன்றாவது வாரமே அவசரப்பட்டு ஒரு கிட்டை வீணாக்கினேன்.

மற்றதெல்லாம் கூட வரும் தாளில் இருக்கிறது. ரத்தம் எடுப்பதுதான் பெரும்பாடு. எனக்குக் கடுகளவுதான் வந்தது; பதற்றத்தில் நுனியைப் பிதுக்கினேன். பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துவிடும். அடுத்த தடவை வெந்நீரில் கை கழுவி, தொங்கப்போட்டு உதறினேன். மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நடுவில் வலி அதிகம். ஸ்பிரிட் காய்ந்திருக்க வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையிலிருந்து மெல்ல நீவினால் அடுத்தது திரண்டு நிற்கும். வெறும் ஊசி வேண்டவே வேண்டாம். அழுத்தினால் தானே குத்தும் லான்செட்தான் என் கட்சி. கை பின்வாங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அப்புறம் செல்போனில் அலாரம் வையுங்கள். தாளில் சொன்ன நேரம் தாண்டித் தெரியும் கோடு கணக்கில் வராது. கிட் வேலை செய்ததைக் காட்டும் ‘சி’ (C) கோடு விழாவிட்டால் கிட் செல்லாது. தொற்று இருக்கலாம் என்று காட்டும் ‘டி’ (T) கோடும் விழுந்தால், மங்கலாக இருந்தாலும், அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போயே ஆக வேண்டும். அங்கே இலவசம்; வேறு வேறு கிட்டுகளில் பார்த்த பிறகே பாசிட்டிவ் என்பார்கள். உங்கள் முடிவை ரகசியமாக வைக்க 2017 எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. போகும் முன் பேச எச்.ஐ.வி. உதவி எண் 1097.

பிற்சேர்க்கை: கொனோரியா, கிளமிடியா போன்ற மற்ற பால்வினை நோய்கள் இதில் தெரியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தெரியாது, அதற்கு லேபில் சிறுநீர் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது அடக்கி வைத்து, முதலில் வருவதையே பிடியுங்கள். வழக்கம்போல நடுவில் பிடித்தால் கிருமி தப்பிவிடலாம். இன்னொருவர் கிட்டைச் சித்திரை வெயிலில் பைக் பெட்டியிலேயே விட்டுவிட்டாராம். பெரும்பாலான கிட்டுகளுக்கு 30 டிகிரிதான் எல்லை. அண்ணாச்சி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்.