ரத்தம் எடுக்க பழகுறீங்களா? கண்ண நம்பாதீங்க, விரல நம்புங்க

டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடிச்சு லேப்ல புதுசா சேந்தவங்க பண்ற முதல் தப்பு நரம்ப கண்ணால தேடுறது. பச்சையா தெரியுறதெல்லாம் நல்ல நரம்பு இல்லீங்க, முழங்கை மடிப்புல ஆள்காட்டி விரல வச்சு அமுக்கிப் பாருங்க, ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள போயி திரும்ப எழும்புச்சுனா அதான் இடம், துடிச்சா அது தமனி, கைய எடுத்துடுங்க. டூர்னிக்கெட் (நரம்பு எழும்ப கைல இறுக்கிக் கட்டுற பட்டை) கட்டுனா 1 நிமிஷத்துக்கு மேல வேணாம். ஸ்பிரிட் தானா காயட்டும், ஊதாதீங்க (நான் ஊதி நல்லா திட்டு வாங்கிருக்கேன்). ஊசி 15-30 டிகிரி சாய்வுல போகணும்.

அப்புறம் ட்யூப் வரிசை. ஊதா மூடி ட்யூப்ப மஞ்சள் மூடி ட்யூப்புக்கு முன்னாடி நிரப்புனா, ஊதால இருக்குற இடிடிஏ (ரத்தம் உறையாம தடுக்குற பொருள்) மஞ்சள்ல கொஞ்சம் கலந்து பொட்டாசியம் கூடவும் கால்சியம் கம்மியாவும் காட்டிரும், பேஷன்ட்டுக்கு ஒண்ணுமே இருக்காது ஆனா டாக்டர் பதறிடுவாரு. ஊதா ட்யூப்ப 8-10 தடவ மெதுவா கவுத்து நிமித்துங்க, குலுக்குனா செல் உடைஞ்சிரும்.